பேரிடர்க்காலத் தொடர்புக்கு முதல் ஹாம் ரேடியோ: கைக்கருவியா, வீட்டு நிலையமா, சிற்றலையா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் போன பிறகு கைபேசிக் கோபுரங்கள் பேட்டரியும் ஜெனரேட்டர் டீசலும் தீரும்வரைதான் உயிரோடிருக்கும். சாலையை மறித்துத் தென்னையும் புளியமரமும் கிடக்கையில் டீசல் கொண்டுபோவதற்கும் வழியில்லை. 2011இல் தானே, 2016இல் வர்தா, 2017இல் ஒக்கி என்று நம் கடற்கரை கண்ட ஒவ்வொரு புயலுக்குப் பிறகும், பேரிடர்க்காலத்தில் உதவுவதற்காகவே ஹாம் ரேடியோ, அதாவது தனியாள்கள் உரிமம் பெற்று நடத்தும் அமெச்சூர் வானொலி, கற்க வேண்டும் என்று முன்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதலில் வாங்க நினைப்பது கையடக்கமான ஒரு வாக்கிடாக்கி. கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு அது சரியான முதல் தேர்வு அன்று என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொரு வழியின் பலத்தோடும் குறையோடும் சேர்த்து இங்கே ஒப்பிட்டிருக்கிறேன்.

எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன் எந்த ஊரோடு பேச வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். வேதாரண்யத்தை எடுத்துக்கொள்வோம். ஊருக்குள் ஒரு நிவாரண முகாமுக்கும் இன்னொரு முகாமுக்கும் இடையே உள்ள தூரம் சில கிலோமீட்டர். மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் 1077 கட்டுப்பாட்டு அறையும் இருக்கிற நாகப்பட்டினம், நேர்கோட்டில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். மாநிலக் கட்டுப்பாட்டு அறை இருக்கிற சென்னை, ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இம்மூன்று தூரங்களையும் ஒரே கருவி ஒரே மாதிரி கடக்காது. அலைவரிசையைத் தீர்மானிப்பது தூரம். கருவியைத் தீர்மானிப்பது அலைவரிசை. விலை இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது.

உரிமம் இல்லாமலே கிடைக்கும் வழிகளை முதலில் பார்த்துவிடலாம். இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்கும் குறைந்த ஆற்றல் கொண்ட வாக்கிடாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. ஒரு முகாமுக்குள்ளோ ஒரு தெருவுக்குள்ளோ தன்னார்வலர்கள் பேசிக்கொள்ள அவை போதும். அடுத்த ஊரை எட்டுவதற்கு அவை உதவா. செயற்கைக்கோள் தொலைபேசி தூரத்தைப் பற்றிக் கவலைப்படாதது என்றாலும், நம் நாட்டில் துரையா, இரிடியம் போன்ற கருவிகளைத் தனியாள் வைத்திருக்க அனுமதியில்லை. அனுமதிக்கப்பட்ட சேவையை முறைப்படி பெறுவதும் அரசுத் துறைகளுக்கும் நிறுவனங்களுக்கும்தான் பெரும்பாலும் நடைமுறையில் சாத்தியம். தவிரவும், தொலைபேசி என்பது ஒருவர் ஒருவரோடு மட்டும் பேசுவது. ஒருவர் பேசுவதை நாகையும் திருச்சியும் சென்னையும் ஒரே நேரத்தில் கேட்பது பேரிடரில் எவ்வளவு பெரிய வசதி என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு நாள் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள்.

ஆகவே உரிமம் வேண்டும். மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் கீழ் நடக்கும் அமெச்சூர் நிலைய இயக்குநர் தேர்வை 12 வயது நிரம்பிய எவரும் எழுதலாம். கட்டுப்படுத்தப்பட்ட தரம், பொதுத் தரம் என்று அதில் இரண்டு உண்டு. இரண்டுக்கும் அடிப்படை மின்னணுவியலும் வானொலி விதிகளும் பாடம். பொதுத் தரத்துக்கு மட்டும் கூடுதலாக, நிமிடத்துக்கு 8 சொற்கள் வேகத்தில், குறுகிய, நெடிய ஒலிகளால் எழுத்துகளைக் குறிக்கும் மோர்ஸ் குறியீட்டை அனுப்பவும் பெறவும் தெரிந்திருக்க வேண்டும். சிற்றலையில் (ஷார்ட்வேவ்) கட்டுப்படுத்தப்பட்ட தரத்துக்கு 50 வாட் வரையிலும் பொதுத் தரத்துக்கு 400 வாட் வரையிலும் ஆற்றல் அனுமதி. பேரிடர்ப் பணி ஒன்றையே நோக்கமாகக் கொண்டவர் மோர்ஸ் கற்றுத் தேறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 50 வாட்டோடு குரலில் பேசினால் தமிழ்நாடு முழுவதும் கேட்கும் என்பதால், கட்டுப்படுத்தப்பட்ட தரத்தில் தொடங்குவதே அறிவுடைமை. மோர்ஸைப் பிறகு கற்கலாம், கற்கவும் வேண்டும். இரைச்சலில் குரல் மூழ்கிப்போகும் இரவுகளில் அதன் அருமை தெரியும்.

இனிக் கருவிகளுக்கு வருவோம். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, அலைநீளத்தை வைத்து ‘இரண்டு மீட்டர்’ என்று அழைக்கப்படும் அலைவரிசையில் பேசும் 5 வாட் கைக்கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. சட்டைப்பையில் அடங்கும், பயன்படுத்தவும் எளிது. ஆனால் இந்த அலைகள் ஏறத்தாழப் பார்வைக்கோட்டில் செல்பவை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அந்த ஆன்டெனாவின் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும்; இரு முனைகளுக்கும் இப்படிக் கணக்கிட்டுக் கூட்டினால் அவை எட்டக்கூடிய தூரம் தெரியும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் கையில் பிடித்திருக்கும் இரண்டு கருவிகளுக்கு இது வெட்டவெளியில் 10 கிலோமீட்டர். வீடுகளும் தோப்புகளும் சூழ்ந்த ஊருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் கிடைத்தால் நல்லது. கருவியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா அதையும் குறைக்கும்.

கைக்கருவியை வைத்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் பேசுகிறோமே என்று நகரத்து நண்பர்கள் சொல்வது பொய்யில்லை. அவர்கள் பேசுவது ரிப்பீட்டர் வழியாக. உயரமான கட்டடத்திலோ மலையிலோ வைத்த ரிப்பீட்டர், ஓர் அலைவரிசையில் வரும் பேச்சை வாங்கி இன்னோர் அலைவரிசையில் உடனுக்குடன் திருப்பி ஒலிபரப்புகிறது. அதுவும் மின்சாரத்தை நம்பியது. அதன் ஆன்டெனாவும் காற்றில் நிற்க வேண்டும். ரிப்பீட்டர் படுத்துவிட்டால் கைக்கருவி மறுபடியும் அந்த இரண்டு மூன்று கிலோமீட்டருக்குத் திரும்பிவிடும். ரிப்பீட்டர் பராமரிக்கும் சங்கத்தாரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. முதல் முயற்சியே பிறருடைய கோபுரத்தின் மேல் நிற்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

அதே அலைவரிசையில் அடுத்த படி, காரில் பொருத்துவதற்கென்று வரும் 12 வோல்ட் கருவியை வீட்டில் வைத்து, மொட்டைமாடியில் ஆன்டெனா நிறுத்துவது. கைக்கருவியை விடப் பல மடங்கு விலை. ஆனாலும் கிடைக்கும் பலனில் பெரும்பங்கு கருவியால் வருவதன்று, உயரத்தால் வருவது. இரு முனைகளிலும் 12 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் எட்டும் தூரம் 28 கிலோமீட்டர் ஆகிறது. ஆன்டெனாவைக் கடையில் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை: 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் என்பது 49 சென்டிமீட்டர்தான். கேபிளை இணைக்கும் ஒரு சாக்கெட்டின் நடுமுனையில் அந்த நீளத்துக்கு ஒரு பித்தளைக் கம்பியை நிமிர்த்திப் பற்றவைத்து, நான்கு மூலைகளிலும் அதைவிடச் சற்று நீளமான நான்கு கம்பிகளைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்தினால் ஆன்டெனா தயார். கடலோரத்தில் இரண்டு பருவம் உழைக்க வேண்டுமென்றால் கேபிள் இணைப்பை நீர்புகா நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும். உப்புக்காற்று முதலில் தின்பது அந்த இணைப்பைத்தான்.

இருந்தும் வேதாரண்யத்திலிருந்து நாகை 45 கிலோமீட்டர் என்பதை மறக்கக் கூடாது. நாகையில் 40 மீட்டர்க் கோபுரத்தின் உச்சியில் ஆன்டெனா இருந்து, வேதாரண்யத்திலும் 20 மீட்டர்க் கம்பம் இருந்தால்தான் கணக்கு ஏறத்தாழ நேராகிறது. டெல்டாவில் இடையே மலை கிடையாது என்பதால் எட்டலாம். ஆனால் புயலடித்த மறுநாள் காலையில் அந்த இரண்டு கம்பங்களும் நிற்கும் என்று நம்பி ஒரு திட்டத்தை வகுக்க முடியாது.

இந்த இடத்தில்தான் சிற்றலை தன் தகுதியைக் காட்டுகிறது. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் வளிமண்டலத்தின் மேல்பகுதியில் உள்ள அயனி மண்டலத்தால் திருப்பி அனுப்பப்படுவதால், அவற்றுக்குக் கோபுரமும் ரிப்பீட்டரும் தேவைப்படுவதில்லை. 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை தாக்கியபோது, ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தம் குழுவினரோடு போர்ட் பிளேரில் அமெச்சூர் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். தொடர்பற்றுப்போன அந்தமானிலிருந்து அவர்களுடைய சிற்றலைக் குரல்தான் இந்தியப் பெருநிலத்துக்குச் செய்திகளைக் கொண்டுவந்தது. அதே நாள்களில் இலங்கையில், ராடியோ சொசைட்டி ஆஃப் ஸ்ரீலங்காவைச் சேர்ந்த விக்டர் குணதிலகவும் நண்பர்களும் சிதைந்துபோன அம்பாந்தோட்டையைக் கொழும்போடு சிற்றலையில் இணைத்தார்கள்.

இவ்விரண்டையும் ஒரே வகை வெற்றியாக எண்ணுவது தவறு. போர்ட் பிளேருக்கும் சென்னைக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கும் மேல். அத்தூரத்துக்குப் பகலில் 14 மெகாஹெர்ட்ஸ் பொருத்தமானது. அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே நேர்கோட்டில் 200 கிலோமீட்டர்கூட இல்லை. வேதாரண்யத்துக்கும் சென்னைக்கும் இடையிலான தூரமும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்ததே. இங்கே 14 மெகாஹெர்ட்ஸில் எவ்வளவு ஆற்றலோடு அழைத்தாலும் அலை தலைக்கு மேலாகத் தாண்டி வெகுதொலைவில் இறங்கும். தில்லிக்காரர் பதில் சொல்வார், சென்னைக்காரருக்குக் கேட்காது. கிட்டத்தட்ட நிமிர்கோணத்தில் அலையை மேலே அனுப்பி, பூவாளி நீர்போல அது சுற்றுவட்டாரம் முழுவதும் பரவலாக இறங்கும்படி செய்ய வேண்டும். அதற்குப் பகலில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ், இரவில் 3.5 முதல் 3.7 மெகாஹெர்ட்ஸ். நிலநடுக்கோட்டுக்கு அருகில் நாம் இருப்பதால் பகல் முழுவதும், பல மாதங்களில் முன்னிரவு வரையிலும், 7 மெகாஹெர்ட்ஸ் நமக்கு இதில் கைகொடுக்கிறது. முகாமிலிருந்து நாகைக்கும் சென்னைக்கும், வழியிலுள்ள தஞ்சைக்கும் கடலூருக்கும் இடைவெளியின்றி ஒரே அழைப்பில் பேச முடிவது இதனால்தான்.

இதற்குரிய ஆன்டெனாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புயல் நாட்டில் தேர்வை முடிவுசெய்வது அதுதான். மொத்தம் 20 மீட்டர் நீளமுள்ள செப்புக்கம்பியை நடுவில் வெட்டி, அங்கே கேபிளை இணைத்தால் 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் கிடைத்துவிடும். சற்று நீளமாக வைத்துக்கொண்டு, ஆன்டெனாவின் பொருத்தத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்து இரு முனைகளிலும் சமமாகக் கத்தரித்துக்கொண்டே வரலாம். நெடுந்தூரத்துக்குப் பேசுகிறவர்கள் இதை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்துவார்கள். நமக்கோ நடுப்பகுதி ஐந்தாறு மீட்டர் உயரத்திலும் முனைகள் ஆள் எட்டாத உயரத்திலும் இருந்தால் போதும்; தாழ்வாக இருப்பதே அலையை மேல்நோக்கி அனுப்புகிறது. ஒரு மூங்கில் போதும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் கம்பியைச் சுருட்டிப் பையில் வைத்து, காற்று ஓய்ந்த அரைமணி நேரத்தில் மறுபடி கட்டிவிடலாம். தென்னையில் மட்டும் கட்டக் கூடாது; கஜாவில் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது அதுதான். கட்டுமிடம் மின்கம்பியிலிருந்து விலகி இருக்கிறதா என்பதையும் பகல் வெளிச்சத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் எப்போது திரும்பி வரும் என்பது யாருக்கும் தெரியாது.

சிற்றலையின் குறைகளும் பெரியவை. நூறு வாட் வகைக் கருவியின் விலை எழுபது எண்பதாயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். உரிமத்துக்கு ஏற்ப அதை 50 வாட்டுக்குக் குறைத்து இயக்க வேண்டும். கேட்டுப் பழகாத காதுக்கு, சிற்றலையில் குரல் அனுப்பும் முறையான ஒற்றைப் பக்கப்பட்டையில் வரும் குரல் முதல் வாரத்தில் புரியவே புரியாது. இரவுக்கு 3.5 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் ஆன்டெனா 40 மீட்டராக நீள்கிறது. மழைக்கால இடி மின்னலின் இரைச்சலும் அங்கேதான் அதிகம்.

விலைக்கு மாற்றாக நம் நாட்டிலேயே பிறந்த ஒரு வழி உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் எளிதில் கிடைக்கும் உதிரிபாகங்களைக் கொண்டு வடிவமைத்த பிட்எக்ஸ் வகைக் கருவிகளை உலகெங்கும் பலர் தாமே பற்றவைத்துப் பயன்படுத்துகிறார்கள். அவ்வரிசையில் பின்னர் வந்த மைக்ரோபிட்எக்ஸ் சிற்றலை அலைவரிசைகள் எல்லாவற்றிலும் இயங்கி, அவற்றில் கீழ் அலைவரிசைகளில் ஏறத்தாழ 10 வாட் தருகிறது. 10 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் இடையிலான வேறுபாடு 7 டெசிபெல், அதாவது கேட்பவரின் கருவியில் அலையின் வலிமையைக் காட்டும் மீட்டரில் ஒரு படிக்குச் சற்று அதிகம். அமைதியான பகலில் இந்த வேறுபாடு உணரப்படுவதேயில்லை. இடியிரைச்சல் நிறைந்த மாலையிலோ அதுதான் செய்தி போய்ச் சேர்வதற்கும் சேராததற்கும் இடையிலான வேறுபாடு. கல்லூரி மாணவர்களுக்கும் கையால் செய்து கற்க விரும்புகிறவர்களுக்கும் பிட்எக்ஸைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முகாமின் ஒரே நிலையமாக வைக்க 50 வாட்டையே நாடுவேன்.

மின்சாரக் கணக்கில் சிற்றலை பயப்படும் அளவுக்கு மோசமில்லை. 50 வாட்டில் பேசும்போது கருவி ஏறத்தாழ 13 ஆம்பியரும் கேட்கும்போது ஒன்றரை ஆம்பியரும் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே பேசினால் சராசரி 2.65 ஆம்பியர், ஒரு முழுநாளுக்கு 64 ஆம்பியர்-மணி. நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்கென்று இருக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிடாமல் ஒரு நாளுக்கும் சற்று அதிகமாக நடத்திவிடலாம். முழு மணிக்கு மட்டும் பத்து நிமிடம் கருவியைத் திறப்பது என்று எதிர்முனையோடு முன்பே ஒப்பந்தம் செய்துகொண்டால் அதே பேட்டரி பல நாள் வரும். பேட்டரி முனையிலிருந்து ஃபியூஸ் வைத்து நேராக எடுக்க வேண்டும். பேசும் நேரத்தில் இன்வெர்ட்டரை அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் அதுவே பெரிய இரைச்சல்மூலம். ஊர் முழுவதும் மின்சாரம் நின்றிருக்கும்போது எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சல் ஒழிந்து, சிற்றலை வேறு எந்நாளையும் விடத் தெளிவாகக் கேட்கும் என்பதைப் புதியவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

கணினியை இணைத்து எழுத்துச் செய்தி அனுப்பும் முறைகள் பலவீனமான அலையிலும் வேலை செய்கின்றன. பெயர்ப் பட்டியல்களுக்கு அவை குரலைவிடச் சிறந்தவை. ஆனால் கூடுதலாக ஒரு மடிக்கணினியும் அதன் சார்ஜும் வேண்டும் என்பதால் முதல் ஆண்டில் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஆக, என் முடிவு ஊருக்கு ஊர் மாறுகிறது. சென்னையிலோ கோவையிலோ இருப்பவருக்கு, சுற்றிலும் பல ஹாம்கள் இருப்பதால், இரண்டு மீட்டர் அலைவரிசை வீட்டு நிலையம் முதல் தேர்வு. 2015 வெள்ளத்தைப் போன்றதொரு நாளில் நகரின் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் இடையிலான 10, 15 கிலோமீட்டரை அது ரிப்பீட்டர் இல்லாமலே கடக்கும். வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டை, இராமேசுவரம் போன்ற இடங்களில், பக்கத்தில் இன்னொரு ஹாம் இல்லாத நிலையில், கையிருப்புப் பணம் முழுவதையும் சிற்றலைக் கருவியிலும் 20 மீட்டர்க் கம்பியிலும் போட வேண்டும். அங்கே கைக்கருவியோடு நிற்பவர் யாரோடும் பேசப் போவதில்லை. பள்ளியோ சங்கமோ பலர் சேர்ந்து வாங்குவதாக இருந்தால் பல்நோக்குப் பேரிடர் பாதுகாப்பு மையத்தில் ஒரு சிற்றலை நிலையமும், அதைச் சுற்றி உரிமம் பெற்ற உறுப்பினர்களிடம் நான்கைந்து கைக்கருவிகளும் என்பது மிகச் சிறந்த அமைப்பு. கைக்கருவி தன் முழுப் பயனையும் தருவது, பின்னால் ஒரு நிலையம் இருக்கும்போதுதான்.

உரிமம் கைக்கு வருமுன் ஒலிபரப்புக் கருவி எதையும் வாங்கக் கூடாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கைக்கருவிகள் பல காவல்துறை, மீட்புப்படை அலைவரிசைகளிலும் ஒலிபரப்பக்கூடியவை. உரிமமின்றி அவற்றை வைத்திருப்பது குற்றம், தவறி அழுத்தினால் மீட்புப் பணிக்கே இடையூறு. தேர்வில் தேறிய பின்னும் சரிபார்ப்பு முடிந்து, நிலையத்தின் அடையாளப் பெயரான அழைப்புக்குறி வந்துசேரப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது தயாராக இருக்க விரும்புகிறவர் முந்தைய ஆண்டிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

காத்திருக்கும் அந்த மாதங்களில் உரிமம் பெற்ற ஒருவரின் நிலையத்தில் அருகே அமர்ந்து செய்தி எடுக்கப் பழகலாம். “முகாமில் நிலைமை மோசம், உடனே உதவுங்கள்” என்பது செய்தி ஆகாது. எந்த முகாம், எத்தனை பேர், என்ன தேவை, எத்தனை மணிக்குள், யார் கேட்கிறார் என்ற ஐந்தையும் இருபது சொற்களுக்குள் எழுதி, எழுதியதை அப்படியே வாசித்து, எதிர்முனை திருப்பி வாசிக்கக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அமெச்சூர் வானொலியில் பொருளை மறைத்துச் சங்கேதமாக அனுப்ப விதியில் இடமில்லை. சொல்வதை எல்லோரும் கேட்பார்கள் என்பதால், இறந்தவர் பெயரையும் நோயாளியின் விவரத்தையும் எவ்வளவு சொல்லலாம் என்பதை வட்டாட்சியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ முன்கூட்டியே பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும். நம் வட்டாரத்துக்கென்று பன்னாட்டு அமெச்சூர் வானொலிச் சங்கம் குறித்துள்ள அவசர அலைவரிசை மையங்கள் 3.600, 7.110, 14.300 மெகாஹெர்ட்ஸ். இந்த மூன்று எண்களையும், நாகையிலும் சென்னையிலும் நீங்கள் அழைக்கப்போகும் நிலையங்களின் அழைப்புக்குறிகளையும், ஒப்புக்கொண்ட நேரங்களையும் ஓர் அட்டையில் எழுதி, நெகிழி உறையிட்டு, கருவியின் மேல்மூடியில் ஒட்டிவைக்க வேண்டும்.